ஓராண்டு உரிமம், மூன்றாண்டு மானியம், பதினைந்தாண்டு மரம்

(தோட்டப்புற வரலாறு பற்றிய தொலைக்காட்சிக் கருத்துக்களத்தில் ஆற்றிய உரையின் கட்டுரை வடிவம்)



தோட்டப்புற வரலாற்றைப் பற்றிப் பேச அழைத்திருக்கிறார்கள். கங்காணி காலம், தொழிற்சங்கப் போராட்டம், தோட்டத் துண்டாடல் ஆகியவற்றைப் பற்றிப் பேச என்னைவிடத் தகுதியானவர்கள் இந்த மேடையில் இருக்கிறார்கள். நான் வேறொரு கேள்வியோடு வந்திருக்கிறேன்.

லயத்துக்கு முன்னால் நின்றது ரப்பர் மரம். அதை ஆராய்வதற்கென்றே நாட்டில் ஓர் ஆய்வுக்கழகம் இருந்தது. லயத்துக்குப் பின்னால் முருங்கை நின்றது. கத்தரி, வெண்டை, பப்பாளி, மரவள்ளி நின்றன. அவற்றை ஆராய யார் இருந்தார்கள்? அந்த ஆராய்ச்சிக்கு யார் பணம் கொடுத்தார்கள்? எத்தனை ஆண்டுகளுக்குக் கொடுத்தார்கள்?

காய்கறிக்கும் பழத்துக்கும் அரசு மானியம் கொடுப்பதில் என்ன வரலாறு இருக்கிறது என்று சிலர் நினைக்கலாம். ஒரு நாடு எந்தப் பயிரை மதித்தது, எதை மறந்தது என்பதை அறிய அதன் ஆய்வுப் பணத்தைப் பார்த்தால் போதும். நம் பாட்டன் பாட்டிமார் எந்தக் கணக்கில் சேர்க்கப்பட்டார்கள், எந்தக் கணக்கில் விடுபட்டார்கள் என்பதும் அதிலிருந்து தெரியவரும்.

லகாட்டில் நின்று பார்த்தால்

ஈப்போவிலிருந்து மெங்லம்பு வழியாகப் பூசிங், பத்து காஜா பக்கம் போகும் பழைய சாலையில் லகாட் இருக்கிறது. கிந்தா பள்ளத்தாக்கின் மற்ற ஊர்களைப் போல அதுவும் ஈயத்தால் வளர்ந்த சிறு பட்டணம். ஊரைச் சுற்றி ஒரு பக்கம் ஈயச் சுரங்கங்கள் இருந்தன, மறு பக்கம் ரப்பர்த் தோட்டங்கள் இருந்தன. சுரங்கத்தில் பெரும்பாலும் சீனர்களும், தோட்டத்தில் பெரும்பாலும் தமிழர்களும் உழைத்தார்கள்.

1985-ஆம் ஆண்டு அக்டோபரில் உலக ஈயச் சந்தை சரிந்தது. கிந்தாவின் சுரங்கங்கள் ஒன்றன்பின் ஒன்றாக மூடப்பட்டன. மிஞ்சியவை பெரிய பெரிய குட்டைகளும் வெள்ளை மணலும்தான். ரப்பர்த் தோட்டங்களும் அதே காலத்தில் செம்பனைக்கும் வீடமைப்புக்கும் மாறத் தொடங்கின.

ஈயம் எடுத்த மணல் நீரைப் பிடித்து வைக்காது. இட்ட உரமும் மழையோடு போய்விடும். நண்பகலில் வெறுங்காலில் நிற்க முடியாத அளவுக்குக் கொதிக்கும். அந்த மணலில் கோழி எருவைக் கொட்டி, குட்டை நீரை இறைத்து, கீரையும் காயும் கொய்யாவும் விளைவித்துக் காட்டியவர்கள் சாதாரண விவசாயிகள். அவர்கள் அனுபவத்தால் கண்டுபிடித்த பிறகே விஞ்ஞானம் அந்த மணலைத் தேடி வந்தது. பின்னர் சிலாங்கூரில் உள்ள குண்டாங்கில், முன்னாள் ஈய நிலத்திலேயே மார்டி ஆய்வு நிலையம் அமைத்தது.

இந்த விவசாயிகளில் பலருக்கு நிலப்பட்டா கிடையாது. டி.ஓ.எல். என்று நாம் சொல்லும் தற்காலிக உரிமம்தான் உண்டு. 1965-ஆம் ஆண்டின் தேசிய நிலச் சட்டத்தின்படி அந்த உரிமம் எந்த மாதத்தில் கொடுக்கப்பட்டாலும் டிசம்பர் 31-ஆம் தேதியோடு காலாவதியாகிவிடும். அடுத்த ஆண்டுக்கு மீண்டும் புதுப்பிக்க வேண்டும். ஓராண்டு உரிமத்தை நம்பி ஒருவர் கீரை போடலாம். மரம் நட மனம் வருமா? இந்தக் கேள்வியை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். ஆராய்ச்சிப் பணத்தின் கதையும் ஏறத்தாழ இதேதான்.

செஸ் என்னும் சிறு பணம்

ரப்பரின் கதை நம் பேரா மாநிலத்தில் தொடங்குகிறது. 1877-ஆம் ஆண்டில் சிங்கப்பூருக்கு வந்த 22 ரப்பர்க் கன்றுகளில் 9 கன்றுகளை, பேராவின் பிரிட்டிஷ் ரெசிடென்டாக இருந்த ஹியூ லோ கோல கங்சாரில் நட்டார். அந்தக் கால மரம் ஒன்றை இன்றும் கோல கங்சாரில் பார்க்கலாம்.

1905-ஆம் ஆண்டில் மலாய்க் கூட்டரசு மாநிலங்களுக்கென ஒரு விவசாய இலாகா அமைக்கப்பட்டது. அதன் முதல் இயக்குநர் ஜே.பி. கருதர்ஸ், இலங்கைப் பேராதனையிலிருந்து வந்த தாவர நோய் நிபுணர். அப்போது ரப்பர் காய்ச்சல் நாடு முழுவதும் பரவிக்கொண்டிருந்தது. இலாகாவின் கவனத்தில் பெரும்பகுதி ரப்பருக்கே போனதில் வியப்பில்லை.

ஆனாலும் தோட்ட முதலாளிகளுக்கு அது போதவில்லை. ரப்பருக்கென்றே தனி ஆய்வுக்கழகம் வேண்டும் என்றார்கள். 1925-ஆம் ஆண்டில் அதற்குத் தனிச் சட்டம் இயற்றப்பட்டது. அடுத்த ஆண்டு மலாயா ரப்பர் ஆய்வுக்கழகம் வேலையைத் தொடங்கியது. பின்னர் சுங்கை பூலோவில் அதற்குப் பெரிய ஆய்வுத் தோட்டமும் அமைந்தது.

அதற்குப் பணம் எங்கிருந்து வந்தது என்பதுதான் நாம் கவனிக்க வேண்டியது. ஏற்றுமதியாகும் ரப்பரின் மேல் செஸ் என்ற சிறு தீர்வை விதிக்கப்பட்டது. கப்பலேறும் ஒவ்வொரு ராத்தல் ரப்பரும் தன் ஆராய்ச்சிக்குத் தானே காசு கொடுத்தது. விலை ஏறினாலும் இறங்கினாலும், குறைவாகவோ அதிகமாகவோ, பணம் வந்துகொண்டே இருந்தது. ஆண்டுதோறும் அரசு வாசலில் மனுப்போட்டுக் காத்திருக்க வேண்டிய நிலை இல்லை.

அதன் பலனைப் பால்மரம் வெட்டியவர்கள் அறிவார்கள். ஆர்.ஆர்.ஐ.எம். 600 என்ற மர வகையைப் பற்றித் தோட்டத்தில் பேசாதவர் இல்லை. 1937-ஆம் ஆண்டில் ஜாவாவின் ஒரு வகையையும் சிலாங்கூர் பிராங் பெசார் தோட்டத்தின் ஒரு வகையையும் இணைத்து உருவாக்கத் தொடங்கியது அது. நாடெங்கும் பரவலாக நடப்பட்டது 1960-களில். நடுவே ஒரு பெரும் போரும், அவசர காலமும், நாட்டின் சுதந்திரமும் வந்து போயின. ஆராய்ச்சி மட்டும் அறுபடவில்லை. பழைய விதை மரங்களைவிடப் பல மடங்கு பால் கொடுத்த மரம் அப்படித்தான் கிடைத்தது.

அந்தச் செஸ் பணம் முதலாளியின் கணக்கில் கழிக்கப்பட்டிருக்கலாம். ஆனால் அந்த ரப்பரை விடியற்காலையில் தலைவிளக்கோடு போய் வெட்டி எடுத்தவர்கள் நம் மக்கள். மலாயாவின் முதல் பெரும் விவசாய ஆராய்ச்சியின் அடித்தளத்தில் தமிழ்த் தொழிலாளியின் வியர்வையும் இருக்கிறது என்பதை நாம் மறந்துவிடக் கூடாது.

பதினாறில் ஒரு பங்கு

இனி லயத்துக்குப் பின்னால் போவோம். குடும்பத்தோடு இருக்கும் இந்தியத் தொழிலாளி ஒவ்வொருவருக்கும் ஓர் ஏக்கரில் பதினாறில் ஒரு பங்கு என்ற கணக்கில் காய்கறி போடவும் மாடு மேய்க்கவும் தோட்ட நிர்வாகம் நிலம் ஒதுக்க வேண்டும் என்று அந்நாளைய தொழிலாளர் சட்டம் சொன்னது. பதினாறில் ஒரு பங்கு என்றால் சுமார் 2,700 சதுர அடி. எல்லாத் தோட்டத்திலும் அது முழுமையாகக் கொடுக்கப்பட்டது என்று சொல்ல முடியாது. கொடுக்கப்பட்ட இடத்தில் நம் பெண்கள் பெரட்டும் பால் வேலையும் முடிந்த பிறகு மண்வெட்டியைத் தூக்கிக்கொண்டு போனார்கள்.

அந்தச் சிறு துண்டின் அருமை கெட்ட காலத்தில்தான் தெரிந்தது. 1930 முதல் 1932 வரை உலகப் பொருளாதார மந்தத்தில் ரப்பர் விலை வீழ்ந்தது. ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்ட இந்தியர்கள் ஊருக்குத் திருப்பி அனுப்பப்பட்டார்கள். தங்கியவர்களுக்குக் கூலி குறைந்தது. அப்போது கைகொடுத்தவை கீரையும் கிழங்கும்தான்.

அடுத்து வந்தது ஜப்பான் காலம். 1941-ஆம் ஆண்டு மில்சம், கிரிஸ்ட் என்ற இரண்டு விவசாய அதிகாரிகள் மலாயாவில் காய்கறி பயிரிடுவது பற்றி ஒரு கையேடு எழுதி வெளியிட்டார்கள். அதே ஆண்டு டிசம்பர் 8-ஆம் தேதி ஜப்பானியப் படை கோத்தா பாருவில் இறங்கியது. அரிசி வரத்து நின்றது. மரவள்ளிக்கிழங்கும் சக்கரைவள்ளியும் சோறாயின. ஆண்கள் பலர் சயாம் மரண ரயில் பாதைக்குக் கொண்டுபோகப்பட, லயத்தில் இருந்த பெண்களும் பிள்ளைகளும் கிழங்கைத் தின்று உயிர் வாழ்ந்தார்கள். அந்தத் தலைமுறைப் பெரியவர்கள் பலர் கடைசிவரை மரவள்ளியைக் கண்டாலே முகத்தைத் திருப்பிக்கொண்டது நமக்குத் தெரியும்.

உயிர் காத்த பயிர்களுக்கு ஆய்வுக்கழகம் இல்லை. ஏன்? வெள்ளைக்காரனுக்கு மனம் இல்லை என்று ஒரே வரியில் சொல்லிவிடலாம். அது பாதி உண்மைதான். மறுபாதி கணக்கு சம்பந்தப்பட்டது. கப்பலேறும் சரக்கின் மேல் துறைமுகத்தில் வரி வாங்கலாம். காலைச் சந்தைக்குப் போகும் கங்கோங் கட்டின் மேல் யார் எப்படி வாங்குவது? ஆயிரக்கணக்கான சிறு தோட்டங்கள், பல வகைப் பயிர்கள், கைமாறும் சில்லறை. செஸ் வாங்க வழியில்லாத பயிருக்குச் சொந்தப் பணம் சேராது. அதற்கு அரசுப் பொதுப் பணம் ஒன்றே வழி.

பழங்களில் அக்காலத்தில் நடந்தது பெரும்பாலும் பதிவு வேலை. கம்பத்தில் நல்ல மரம் இருந்தால் இலாகா அதற்கு எண் கொடுத்துப் பதிவு செய்யும். இன்று எல்லாருக்கும் தெரிந்த டி24 டுரியான் அப்படி 1937-ஆம் ஆண்டில் பதிவானது. அதன் தாய்மரம் நம் பேராவின் புக்கிட் மேரா நீர்த்தேக்கப் பகுதியைச் சேர்ந்தது. ரப்பருக்கு 1937-இல் புதிய வகையை உருவாக்கத் தொடங்கினார்கள்; அதே 1937-இல் பழத்துக்கு ஏற்கெனவே இருந்த மரத்துக்கு எண் கொடுத்தார்கள். இரண்டுக்கும் உள்ள வேறுபாடு ஆய்வுப் பணத்தின் வேறுபாடு.

ரப்பர் நீங்கலாக

சுதந்திரத்துக்குப் பிறகு 1969-ஆம் ஆண்டில் நாடாளுமன்றம் ஒரு சட்டம் இயற்றி மார்டி எனப்படும் மலேசிய விவசாய ஆராய்ச்சி மேம்பாட்டுக் கழகத்தை உருவாக்கியது. ரப்பர் நீங்கலாக எல்லாப் பயிர்களும், கால்நடையும், நன்னீர் மீன்வளமும் அதன் பொறுப்பு. ரப்பர் நீங்கலாக என்ற அந்த இரண்டு சொற்களில் நாற்பது ஆண்டு வரலாறு அடங்கியிருக்கிறது. ரப்பருக்குத் தனி வீடு ஏற்கெனவே இருந்தது. மற்ற எல்லாருக்கும் சேர்த்து ஒரே வீடு.

பிறகு வசதி வந்த பயிர்கள் ஒவ்வொன்றாகத் தனிக்குடித்தனம் போயின. செம்பனைக்கு 1979-ஆம் ஆண்டில் தனி ஆய்வுக்கழகம் வந்தது; அதற்கும் செஸ் பணம். கொக்கோவுக்கு 1989-ஆம் ஆண்டில் தனி வாரியம் வந்தது. நெல், காய்கறி, பழம், பூ ஆகியவை மார்டியிலேயே தங்கின. அவற்றுக்கு அரசாங்க ஒதுக்கீடுதான் கஞ்சி.

ஐந்தாம் மலேசியத் திட்டக் காலத்தில் (1986–1990) ஐ.ஆர்.பி.ஏ. என்ற ஆய்வு மானியத் திட்டம் வந்தது. முன்னுரிமைத் துறைகளில் ஆராய்ச்சியைத் தீவிரப்படுத்துவது அதன் நோக்கம். அதுவரை ஒரு கழகத்துக்கு மொத்தமாகப் பணம் கொடுக்கப்பட்டது. இனி ஆய்வாளர் ஒவ்வொருவரும் தம் திட்டத்தை எழுதிப் போட்டியிட்டு மானியம் பெற வேண்டும். 2006-இல் ஒன்பதாம் மலேசியத் திட்டம் தொடங்கியபோது அதன் இடத்தில் அறிவியல் நிதி, அடிப்படை ஆய்வு மானியம் முதலியவை வந்தன. இவற்றின் காலம் பொதுவாக இரண்டு முதல் மூன்று ஆண்டு.

போட்டி முறையில் நன்மை உண்டு. சோம்பேறித்தனம் குறையும், புதிய சிந்தனைக்கு இடம் கிடைக்கும், பல்கலைக்கழக இளைஞருக்கும் வாய்ப்பு வரும். அதை மறுக்க முடியாது. ஆனால் மூன்று ஆண்டில் மூன்று தடவை கீரை ஆராய்ச்சி செய்யலாம். மூன்று ஆண்டில் ஒரு மரம் பூப்பதே பெரிய காரியம்.

பதினைந்து ஆண்டுப் பப்பாளி

இதற்கு நம் நாட்டிலேயே நல்ல சான்று இருக்கிறது. எக்சோட்டிகா பப்பாளியைத் தின்றிராத மலேசியர் குறைவு. ஹவாயின் சன்ரைஸ் சோலோ என்ற சிறிய, இனிப்பான பப்பாளியையும் நம் நாட்டின் சுபாங் 6 என்ற பெரிய பப்பாளியையும் இணைத்து, மீண்டும் மீண்டும் சோலோவோடு சேர்த்து அதை உருவாக்கினார்கள். மார்டியின் டாக்டர் சான் இங் குவோக் அந்த வேலையின் முதன்மையான விஞ்ஞானி. தொடங்கியது 1972-இல், வெளியிட்டது 1987-இல். 15 ஆண்டுகள்! பப்பாளியோ நட்ட ஓராண்டுக்குள் காய்க்கும் பயிர். அதற்கே இத்தனை காலம் என்றால், டுரியானுக்கும் மங்குஸ்தீனுக்கும் எவ்வளவு ஆகும் என்று எண்ணிப் பாருங்கள்.

1991-இல் எக்சோட்டிகா 2 வந்தது. அதே காலத்தில் டி10, டி24 டுரியான்களை இணைத்த புதிய வகைகளும் (1991, 1992), 1996-இல் ஜோசபின் அன்னாசியும் வெளிவந்தன. போட்டி மானியங்கள் வருவதற்கு முன்பே தொடங்கி, நீண்ட காலம் பொறுமையாகச் செய்த வேலையின் பயன் அப்போதுதான் கைக்கு வந்தது. மலேசியா உலகின் முன்னணிப் பப்பாளி ஏற்றுமதி நாடுகளில் ஒன்றாக எழுந்தது.

பிறகு அடி விழுந்தது. 1991-இல் ஜொகூரில் வளையப்புள்ளி நச்சுயிரி நோய் காணப்பட்டது. 2003-இல் பத்து பகாட் வட்டாரத்தில் பாக்டீரியாவால் வரும் குருத்தழுகல் நோய் தோன்றி, மற்ற மாநிலங்களுக்கும் பரவியது. தோட்டம் தோட்டமாகப் பப்பாளி அழிந்தது. நோயை எதிர்க்கும் புதிய வகை வேண்டுமென்றால் மறுபடியும் ஆண்டுக்கணக்கில் வேலை. ஆனால் நோய் வந்த பிறகு விண்ணப்பம் எழுதி, குழு கூடி, மானியம் கிடைத்து, ஆராய்ச்சி தொடங்குவதற்குள் விவசாயி வேறு பயிருக்குப் போய்விடுகிறார்.

இதே பப்பாளிக்கு ஹவாயில் நடந்ததைப் பாருங்கள். வளையப்புள்ளி நோய் ஒரு நாள் முக்கியமான பூனா வட்டாரத்துக்கும் வரும் என்று அஞ்சி, 1980-களின் நடுவிலேயே அமெரிக்க விவசாயத் துறையின் சிறு மானியத்தோடு டென்னிஸ் கொன்சால்வசும் அவருடைய கூட்டாளிகளும் ஆய்வைத் தொடங்கினார்கள். நோய் பூனாவுக்கு 1992-இல் வந்தது. நோய் தாங்கும் ரெயின்போ பப்பாளியின் விதை 1998-இல் விவசாயிகளுக்குக் கொடுக்கப்பட்டது. மரபணு மாற்றிய பயிர் என்பதால் அதைப் பற்றி மாறுபட்ட கருத்துகள் உண்டு. அது வேறு விவாதம். இங்கே நான் காட்ட விரும்புவது ஒன்றுதான். வெள்ளம் வருவதற்கு ஏழு ஆண்டு முன்பே அணை கட்டத் தொடங்கியிருந்தார்கள்.

உலகம் முழுவதும் இதே கதை

காய்கறியும் பழமும் பின்வரிசையில் நிறுத்தப்பட்டது மலேசியாவில் மட்டுமல்ல. நெல்லுக்கு அனைத்துலக ஆய்வுக்கழகம் பிலிப்பீன்சில் 1960-இல் வந்தது. மக்காச்சோளத்துக்கும் கோதுமைக்கும் மெக்சிகோவில் 1966-இல் வந்தது. காய்கறிக்கு ஓர் அனைத்துலக மையம் தைவானில் அமைய 1971 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

அமெரிக்காவிலும் மக்காச்சோளத்துக்கும் பருத்திக்கும் அரசுப் பணம் தாராளம். பழம், காய்கறி, தோட்டப் பயிர் ஆராய்ச்சிக்கென்று தனி மானியத் திட்டம் 2008-ஆம் ஆண்டின் விவசாயச் சட்டத்தில்தான் வந்தது. 2012 வரை மொத்தம் 23 கோடி டாலர். சட்டத்தின் காலம் முடிந்தபோது, 2013-ஆம் நிதியாண்டில் புதிய பணமே இல்லாமல் போயிற்று. 2014-இல் புதிய சட்டம் ஆண்டுக்கு 8 கோடி டாலர் என்று நிரந்தரமாக ஒதுக்கிய பிறகுதான் மூச்சு வந்தது. பணக்கார நாட்டுக்கே இந்த நிலை.

ஆஸ்திரேலியா வேறு வழி கண்டது. 1989-ஆம் ஆண்டின் சட்டத்தின்படி விவசாயிகள் தங்கள் விளைச்சலின் மேல் ஒரு சிறு தீர்வை கொடுக்கிறார்கள். ஆராய்ச்சிக்கான அந்தப் பணத்துக்கு ஈடாக அரசும் பணம் போடுகிறது. உற்பத்தி மதிப்பில் 0.5 விழுக்காடு என்பது அரசுப் பங்கின் பொதுவான உச்சவரம்பு. நம் ரப்பர் செஸ்ஸும் அரசு மானியமும் ஒன்று சேர்ந்தது போன்ற ஏற்பாடு இது.

தமிழ்நாட்டிலிருந்து ஓர் எடுத்துக்காட்டு. பெரியகுளத்தில் 1957-இல் ஒரு தோட்டக்கலை ஆராய்ச்சி நிலையம் தொடங்கப்பட்டது. தூத்துக்குடி அருகே எப்போதும்வென்றான் என்ற ஊரின் முருங்கையை எடுத்து, ஆறு தலைமுறை தொடர்ந்து தேர்ந்தெடுத்து, பி.கே.எம்-1 என்ற செடிமுருங்கையை அங்கே உருவாக்கி, 1989-இல் வெளியிட்டார்கள். விதை போட்டு ஆறே மாதத்தில் காய்க்கும். இன்று உலகில் பல நாடுகளில் அது பயிராகிறது. நிலையம் திறந்து 30 ஆண்டுக்குப் பிறகு கிடைத்த பலன் அது. மூன்றாவது ஆண்டே நிலையத்தை மூடியிருந்தால் அந்த முருங்கை இல்லை.

நம் லயத்து முருங்கை எந்த ஆராய்ச்சி நிலையத்திலிருந்தும் வந்ததல்ல. ஒரு வீட்டுப் போத்து அடுத்த வீட்டுக்குப் போய், ஒரு தோட்டத்துப் போத்து அடுத்த தோட்டத்துக்குப் போய்ப் பரவியது. நாங்கள் இருந்த தோட்டம் விற்கப்பட்டு லயம் உடைக்கப்பட்டபோது, என் தாயார் சாமான்களோடு இரண்டு முருங்கைப் போத்துகளையும் சாக்கில் சுற்றி எடுத்து வந்தார். மலிவு விலை வீட்டின் பின்புறத்தில் இருந்த மண் ஒரு கை அகலம். ஒன்று பட்டுப்போனது, ஒன்று பிழைத்தது. நம் மக்கள் செய்த ஆராய்ச்சியும் சேமிப்பும் அவ்வளவுதான். அதற்கு மானியம் கேட்கலாம் என்றுகூட யாருக்கும் தெரியாது.

சின்ன வெங்காயம் சொன்ன பாடம்

2023-ஆம் ஆண்டு டிசம்பர் 8-ஆம் தேதி இந்தியா வெங்காய ஏற்றுமதிக்குத் தடை விதித்தது. தடை நீங்கியது 2024 மே மாதத்தில்தான். கடையில் வெங்காய விலையைப் பார்த்து நம் இல்லத்தரசிகள் பட்ட பாடு நினைவிருக்கும். 2019-லும் இப்படி ஒரு தடை வந்தது. மலேசிய இந்தியச் சமையல் வெங்காயம் இல்லாமல் தொடங்குவதில்லை. அந்த வெங்காயமோ வெளிநாட்டை நம்பியிருக்கிறது.

இந்த ஆண்டுகளில் மார்டி உள்நாட்டில் விளையக்கூடிய சின்ன வெங்காய வகைகளைச் சோதித்து பி.ஏ.டபிள்யூ. 1, 2, 3 என்ற பெயர்களில் அறிமுகப்படுத்தியது. வரவேற்க வேண்டிய முயற்சி. ஆனால் வெங்காயத்தைத் தின்பது நமக்குப் புதிய பழக்கமா? நூறாண்டுக்கு மேலாகத் தின்கிறோம். இந்த ஆராய்ச்சி ஐம்பது ஆண்டுக்கு முன்பே தொடங்கித் தொடர்ந்திருந்தால் இன்று நிலைமை எப்படி இருந்திருக்கும்? பற்றாக்குறை வரும்போது பணம் ஒதுக்குவதும், விலை இறங்கியவுடன் மறந்துவிடுவதும் ஆராய்ச்சிக்கு உதவாது.

தனியார் விதை நிறுவனங்கள் பார்த்துக்கொள்ளும் என்று சிலர் சொல்கிறார்கள். ஒவ்வொரு பருவமும் விதை விற்கக்கூடிய மிளகாய், தக்காளி ஆகியவற்றை அவை பார்த்துக்கொள்ளும். ஒரு தடவை நட்டால் ஐம்பது ஆண்டு நிற்கும் மரத்தில் அவற்றுக்கு என்ன லாபம்? போத்து வெட்டி நடும் முருங்கையில் என்ன லாபம்? அவற்றுக்குப் பொதுப் பணம்தான் வேண்டும்.

நாம் கேட்க வேண்டியவை

வரலாறு நமக்குச் சொல்வது எளிய உண்மை. ரப்பரும் செம்பனையும் வளர்ந்ததற்கு மண்ணும் மழையும் மட்டும் காரணமில்லை. அறுபடாத ஆய்வுப் பணமும் காரணம். காய்கறியும் பழமும் பின்தங்கியதற்கு விஞ்ஞானிகளின் திறமைக் குறைவு காரணமில்லை. 15 ஆண்டு வேலைக்கு மூன்றாண்டுப் பணம் கொடுத்ததே காரணம். கையில் ஓராண்டு உரிமத்தோடு மணலில் நிற்கும் லகாட் விவசாயியும், மூன்றாண்டு மானியத்தோடு ஆய்வுக்கூடத்தில் நிற்கும் விஞ்ஞானியும் ஒரே படகில்தான் இருக்கிறார்கள். இருவருக்கும் மரம் நடத் தெரியும். நடுவதற்கான காலம்தான் இல்லை.

இப்போது 2021 முதல் 2030 வரைக்கான தேசிய வேளாண் உணவுக் கொள்கை நடப்பில் இருக்கிறது. அடுத்த கொள்கை வகுக்கப்படும்போது நாம் மூன்று கோரிக்கைகளை முன்வைக்கலாம்.

முதலாவது, மரப் பயிர்களின் ஆராய்ச்சிக்குக் குறைந்தது பத்தாண்டுக் காலத்துக்கு உறுதி அளிக்கும் மானியம். மூன்றாண்டுக்கு ஒரு முறை வேலையைச் சோதிக்கட்டும். சரியில்லை என்றால் நிறுத்தட்டும். ஆனால் நல்ல வேலை காலக்கெடு முடிந்த காரணத்துக்காக மட்டும் நிற்கக் கூடாது.

இரண்டாவது, ஏற்றுமதியாகும் பழங்களுக்காவது ஒரு சிறு செஸ்ஸும், அதற்கு ஈடான அரசுப் பங்கும். டுரியான் இன்று கோடிக்கணக்கில் ஏற்றுமதியாகிறது. அந்தக் காசில் ஒரு சிறு பகுதி முருங்கைக்கும் கீரைக்கும் திரும்பி வந்தால் என்ன குறைந்துவிடும்?

மூன்றாவது, ஈய நிலத்தில் பயிரிடும் விவசாயிகளுக்கு நீண்ட காலக் குத்தகை. நிலம் இல்லாதவரிடம் நல்ல கன்றைக் கொடுத்து என்ன பயன்?

நம் சமுதாயத்துக்கும் ஒரு வேண்டுகோள். நம் பிள்ளைகள் மருத்துவம், சட்டம், பொறியியல் படிப்பதில் பெருமைப்படுகிறோம்; படிக்கட்டும். விவசாய விஞ்ஞானம் என்றால் மட்டும் மீண்டும் மண்வெட்டியா என்று முகம் சுளிக்கிறோம். செர்டாங்கில் 1931-இல் தொடங்கப்பட்ட விவசாயப் பள்ளிதான் கல்லூரியாகி, 1971-இல் பல்கலைக்கழகத்தின் அடித்தளமானது. அந்த வாசல் நமக்கும் திறந்திருக்கிறது. ரப்பர் ஆராய்ச்சிக்குச் செஸ் கட்டிய உழைப்பாளியின் பேரன், தன் பாட்டி நட்ட முருங்கையை ஆராய்வதற்கு மானியம் கேட்டு விண்ணப்பம் எழுதும் நாள் வர வேண்டும். அந்த விண்ணப்பத்தில் எத்தனை ஆண்டு என்ற கட்டத்தில் அவன் 15 என்று எழுதினால், அதைப் பார்க்கும் அதிகாரி திகைக்காமல் கையொப்பமிடும் நாளும் வர வேண்டும்.

என் தாயார் கொண்டுவந்த அந்தப் போத்து மரமாகி இன்னும் நிற்கிறது. அக்கம்பக்கத்து மலாய், சீன வீடுகளுக்கும் அதிலிருந்து போத்து போயிருக்கிறது. கேட்பவருக்கு இல்லையென்று சொல்லாமல் கொடுத்து வருகிறோம்.